அவுக மரத்து நிழல்

ஆடிக் காற்று மறையூருக்குள் இறங்கிவிட்டால் முதலில் போவது கரண்ட்டு. மேலே எஸ்டேட் பக்கம் எங்கேயோ ஒரு யூகலிப்டஸ் மரம் கம்பியின் மேல் சாய்ந்திருக்கும். லைன்மேன் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, ஆள் கூட்டிக்கொண்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஊருக்கு இது பழகிப்போன சங்கதி. கரண்ட்டு இல்லையா, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டே நாலு பேரை வம்புக்கு இழுத்துவிட்டு வரலாம். ராமுத்தாய்க்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கரண்ட்டு போனால் அவள் புருஷனுக்கு மூச்சு முட்டும்.

மொக்கையன் மூணாறு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில், தூள் சலிக்கிற அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ஊர் உலகமெல்லாம் அந்தத் தூளைக் காய்ச்சிக் குடித்தது. அவர் காற்றோடு சேர்த்து இழுத்தார். வேலை முடிந்து எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மேலே குளிர் ஒத்துக்கொள்ளாது என்று, ராமுத்தாயின் அப்பா விட்டுப்போன மறையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த ரெண்டாம் வருஷம் நெஞ்சு கைவிரித்துவிட்டது. தேனி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் மிஷின்தான் என்றார். முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பெட்டி. காற்றை உள்ளே இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். சாப்பிட, குளிக்க என்று கால் மணி நேரம் கழற்றி வைக்கலாம். அதற்கு மேல் போனால் உதடு நீலம் பாரிக்கும். அவசரத்துக்கு என்று வைத்திருந்த சின்ன சிலிண்டர் ஆனி மாதமே தீர்ந்துவிட்டது. அதை நிரப்ப உடுமலைப்பேட்டைக்குக் காட்டு வழியாகப் போக வேண்டும். அவரை விட்டுவிட்டுப் போக ஆளில்லை.

மூணாறு ஹோட்டலில் வேலை பார்க்கும் மகள் சித்ராதான் அலைந்து திரிந்து சோலார் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் மேற்கு அறை மட்டும்தான் கான்கிரீட், மற்றதெல்லாம் தகரம். அதனால் நாலு பலகையையும் அந்த ஒரு மாடியிலேயே பதித்தார்கள். போட வந்தவர்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து, பதினொன்றரைக்கெல்லாம் வேலையை முடித்து, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தால் பார்த்திருப்பார்கள். பன்னிரண்டரைக்கு மேற்குப் பக்கச் சந்தன மரத்தின் நிழல் மெல்ல வந்து பலகை மேல் ஏறியது.

வீடு பூட்டிக்கிடந்த காலத்தில் வளர்ந்த மரம் அது. குருவி பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கும். மறையூரில் விவரமான ஆள் எவனாக இருந்தாலும் கொல்லையில் சந்தனம் முளைத்தால் ரெண்டு இலையிலேயே கிள்ளி எறிந்துவிடுவான். வளரவிட்டால் ஒருநாள் வனத்துறைக்காரர்கள் வந்து வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் இலையை ஆடு கடித்தாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். காய்ந்த சுள்ளி கீழே விழுந்தாலும் எடுத்து அடுப்பில் வைக்க முடியாது, ஆபீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். திருடன் வந்து அறுத்துக்கொண்டு போனால் முதல் விசாரணை வீட்டுக்காரனுக்கு. அதனால் கொய்யாவை நம்ம கொய்யா, வேம்பை நம்ம வேம்பு என்று சொல்கிற ஜனம், சந்தனத்தை மட்டும் ‘அவுக மரம்’ என்று சொல்லும்.

சித்ரா மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தாள். மாடி மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை வெட்டித்தர வேண்டும், வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று. வனத்துறை வாட்சர் பிஜு வந்து அண்ணாந்து பார்த்தார், டேப் வைத்து அளந்தார், எழுதிக்கொண்டார்.

“சேச்சி, மரத்தைத் தொட வேண்டா கேட்டோ. பேப்பர் மேல போயிருக்கு” என்றார்.

“மேலன்னா எம்புட்டு மேல?”

“நமக்கு மேல எல்லாம் மேலதானே, சேச்சி.”

“அதுக்குள்ள எம் புருஷன் மேல போயிருவாரு போலயே!”

பிஜு நல்ல மனுஷன். சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். அது சித்திரையில். ஆடி பிறந்தும் மேலே போன பேப்பர் கீழே வரவில்லை.

ஒரு பலகையில் நிழல் விழுந்தாலும் நாலும் சேர்ந்து சோர்ந்துபோகும் என்று எலெக்ட்ரீஷியன் சொல்லியிருந்தான். காலை வெயிலில் பேட்டரி பாதிதான் ஏறும். அந்தப் பாதியை வைத்து மிஷின் ரெண்டரை மணி நேரம் ஓடும். பிறகு ‘கீ’ என்று கத்த ஆரம்பிக்கும். ராமுத்தாய் அந்த ரெண்டரை மணி நேரத்துக்குள்ளேயே வாழப் பழகியிருந்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போதே மாடிக்கு ஓடி நிழலைப் பார்ப்பாள். கடைக்குப் போனால் சாமானை வாங்கின கையோடு ஓடி வருவாள். மனுஷி உட்கார்ந்து சாப்பிட்டே நாளாகியிருந்தது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்தபடியே நாலு வாய் போட்டுக்கொள்வாள்.

“ஏ புள்ள, செத்த உக்காரு. நீ நடக்குறதப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது” என்பார் மொக்கையன். ஒரு வாக்கியத்தை மூன்றாகப் பிரித்துத்தான் பேச முடியும் அவரால்.

“உக்காந்தா வெயிலு வந்திருமா?”

“நீ நின்னா மட்டும் வந்திருதா?”

அவர் கேட்டது என்னவோ கேலிக்குத்தான். ராமுத்தாய்க்கு அது உறைத்தது. மறுநாள் மதியம் மாடிக்குப் போனவள் அந்தக் கிளையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டுப் பருமன்தான். கையால் அழுத்தினால் வளைந்து கொடுத்தது. கீழே ஓடிப்போய்ப் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். கயிறு என்றால் பட்டையை அறுக்கும், தடம் விழும். சேலையை முறுக்கிக் கிளையில் ரெண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கீழே போட்டு, இறங்கிப்போய் இழுத்து வேலிக் கல்லுக்காலில் கட்டினாள். கிளை மாடி விளிம்புக்குக் கீழே சாய்ந்தது. பலகை நாலும் பளபளவென்று மின்னின.

அன்றிலிருந்து அது ஒரு வேலையானது. காலைச் சுற்று முடிந்து பிஜு போனபிறகு, மதியம் பன்னிரண்டுக்குக் கட்டுவாள். சாயங்காலச் சுற்றுக்கு முன்னால் நாலரைக்கு அவிழ்த்துவிடுவாள். அவிழ்க்கும்போது கிளை ஒரு பெருமூச்சோடு மேலே போகும். அதன் இலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாள். உள்ளங்கை காய்த்துப்போயிற்று.

“வெட்டுனாத்தான் குத்தம். நான் வெட்டலையே. கன்னுக்குட்டியக் கட்டுற மாதிரிக் கட்டி அவுக்குறேன்” என்று மொக்கையனிடம் நியாயம் சொன்னாள்.

“கேட்டா அப்படியே சொல்லு. வெளங்கும்” என்றார் அவர்.

பதினெட்டு நாள் அப்படி ஓடியது. பத்தொன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை, காலை எட்டு மணிக்கே கரண்ட்டு போனது. டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிட்டதாம், சாயங்காலம்கூடச் சந்தேகம் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். மேகம் வேறு விட்டு விட்டு மூடியது. பேட்டரியில் பச்சை விளக்கு ஒன்றுகூட மிச்சமில்லை, மஞ்சள்தான் எரிந்தது. இருக்கிற வெயிலில் ஒரு பொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று ராமுத்தாய் பதினோரு மணிக்கே கட்டப் போனாள். வழக்கமாக இழுக்கும் அளவு இழுத்தாள். நுனி இலைகள் ஒரு பலகையின் ஓரத்துக்கு மேலே இன்னும் ஆடிக்கொண்டிருந்தன, மதியம் அதன் நிழல் விழும். காலைக் கல்லில் உதைத்துக்கொண்டு இன்னும் ஒரு முழம் இழுத்துக் கட்டினாள்.

மூன்று மணிக்குக் காந்தலூர் மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. தகரமெல்லாம் தடதடத்தன. மொக்கையனுக்கு முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தவள் ‘சடார்’ என்ற சத்தத்தைக் கேட்டாள். அது என்ன சத்தம் என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கிளை மரத்தோடு சேரும் இடத்தில் பிளந்து, தோல் உரிந்து, சேலையோடு கீழே கிடந்தது. மரத்தில் வெள்ளையாக ஒரு காயம், தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. ராமுத்தாய் ஒடிந்த முனையை மூக்கருகே கொண்டுபோனாள். சந்தன வாசமெல்லாம் ஒன்றுமில்லை. பச்சைக் கட்டை வாசம்தான் அடித்தது.

“இந்தக் கழுதைக்கா இம்புட்டுக் காவலு!” என்றாள் வாய்விட்டு. பிறகு அழுகை வந்தது.

தம்பி ராஜசேகருக்கு ஃபோன் போட்டாள். அவன் கரும்பாலையில் பாகு காய்ச்சுகிறவன், அடுப்பை விட்டு லேசில் நகர முடியாது. கையிலும் சட்டையிலும் சர்க்கரைப் பிசுக்கோடு அப்படியே ஓடி வந்தான். மரத்தைப் பார்த்தான், கிளையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

“யக்கா, என்னக்கா இது? உள்ள போட்டுருவாய்ங்கக்கா!”

“தெரியும்டா. வழியச் சொல்லு.”

“சாக்குல சுத்திக் குடு. ஆலை அடுப்புல சக்கையோட சக்கையாத் தள்ளிவிட்டுர்றேன். அரை மணி நேரம், சாம்பலு.”

“மரத்துல இருக்குற புண்ணை எந்த அடுப்புல தள்ளுவ?”

“சாணியக் கொழச்சுப் பூசிருவோம்.”

“ஏன்டா, சந்தன மரத்துக்கு எவளாச்சும் சாணி பூசி வைப்பாளா? பிஜு என்ன நேத்துப் பொறந்தவனா?”

உள்ளேயிருந்து மொக்கையன் கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் போனார்கள்.

“மாப்ள… நான் ஒடிச்சேன்னு… சொல்லிருங்க” என்றார். “மிஷினோட சேத்து… என்னைய… எந்த ஜெயில்ல வப்பாய்ங்க? பிளக்குப் பாயிண்டு… வேணும்ல?”

“மச்சான், நீங்க செத்த சும்மா இருங்க. மாடிப்படி ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு, நீங்க கொப்ப ஒடிச்சீகளாக்கும்?”

“யாரும் எதையும் ஒடிக்கல” என்றாள் ராமுத்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “சேலைய அவுத்து உள்ள போட்டாச்சு. காத்துல ஒடிஞ்சுச்சு. நாமளே ஆபீஸுக்குத் தகவல் சொல்லிருவோம். ஊர் முச்சூடும் காத்து ஒடிக்குது, இதையும் ஒடிச்சிருச்சு. அம்புட்டுத்தான்.”

ராஜசேகருக்கு அது சரியாகப் பட்டது. பிஜுவுக்கு அவனே ஃபோன் பண்ணிச் சொன்னான். இருக்கிறபடியே போட்டுவையுங்கள், ஒரு இலையைக்கூட எடுக்காதீர்கள், காலையில் மேடம் வருவார் என்றார் பிஜு. இவர்கள் பேசி முடித்த நேரத்தில் மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் தப்பாகப்போயிற்று.

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட்டு வந்துவிட்டது. மறுநாள் பத்து மணிக்கு ஜீப் வந்தது. பிஜுவோடு இறங்கிய ஆபீசர் ஜிஸ்மிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரத்தைச் சுற்றி வந்தாள், ஃபோட்டோ எடுத்தாள், ஒடிந்த கிளையைக் குனிந்து பார்த்தாள். பட்டை ஓரிடத்தில் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பதினெட்டு நாள் தேய்த்த நூல் சேலையும் ஒரு கயிறுதான் என்று ராமுத்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது.

“காத்துல ஒடிஞ்சதாணோ, அம்மா?”

“ஆமா மேடம். நேத்துக் காத்துல. என்னா காத்து! கேளுங்க, எந்தம்பி…”

அதற்குள் அறைக்குள்ளேயிருந்து சத்தம் வந்தது. மொக்கையன் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஜன்னல் வழியாகக் கத்தினார்.

“நான்தான்… ஒடிச்சேன்! எம்மேல… கேஸ் போடுங்க!”

ராஜசேகர் தலையில் கையை வைத்துக்கொண்டான். பிஜு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜிஸ்மி மட்டும் சிரிக்காமல் அறைக்குள் போய்ப் பார்த்தாள். எலும்புக்கூட்டுக்குச் சட்டை போட்டது போலக் கட்டிலில் சாய்ந்திருந்த மனுஷன், கத்தின கத்தலில் உதடு நீலமாகி, குழாயை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை ஆடிய ஆட்டத்தில் ஒரு சுள்ளிகூட ஒடியாது.

“அப்போ காத்தா, இவரா?” என்று ஜிஸ்மி வெளியே வந்து கேட்டாள்.

ராமுத்தாய்க்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. காத்து மேலும், மரத்து மேலும், எல்லாம் கெடுத்த அந்த மனுஷன் மேலும், அவர் கெடுத்தது தனக்காகத்தான் என்பதன் மேலும் சேர்ந்து வந்தது.

“காத்துமில்ல, அவருமில்ல” என்றாள். “நான்தான். தெனமும் மத்தியானம் சேலையப் போட்டு இழுத்துக் கட்டுனேன். சாயந்தரம் அவுத்துவிட்டேன். நேத்து ஒரு முழம் கூட இழுத்தேன், ஒடிஞ்சிருச்சு. வேணும்னு ஒடிக்கல. ஒடிஞ்சதுல எனக்கு வருத்தமும் இல்ல. போதுமா?”

“யக்கா!” என்றான் ராஜசேகர்.

“நீ சும்மா இருடா. ஆளுக்கொரு பொய்யி சொல்லி, எது யாரு சொன்னதுன்னே மறந்துபோச்சு.”

ஜிஸ்மி சேலையைக் கொண்டுவரச் சொன்னாள். கிளையையும், சிந்திக்கிடந்த இலைகளையும் பிஜு ஒன்று விடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டார். அந்தச் சேலையும் சாக்கில் போனது. ராமுத்தாய் ஆபீஸுக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டும், அதைப் பார்த்துவிட்டு ரேஞ்சர்தான் கேஸா இல்லையா என்று முடிவு பண்ணுவார் என்றாள் ஜிஸ்மி. ராஜசேகர் மச்சானோடு இருக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டான். ரெண்டு மாதத்தில் முதல் தடவையாக ராமுத்தாய் அந்த வீட்டை விட்டு ஒரு மைலுக்கு மேல் போனாள்.

ஆபீஸில் கிளையை எடை போட்டார்கள். இலையோடு சேர்த்து மூன்று கிலோ எழுநூறு கிராம். அதற்கு ஒரு சீட்டு எழுதினார்கள். ஜிஸ்மி கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பிக்க மணி ஒன்றரை ஆனது. ராமுத்தாய் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். காலாட்டாமல் இருக்க முடியவில்லை. ரெண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாள். பேர், வயசு, புருஷன் பேர், எந்தத் தேதியிலிருந்து கட்டினாய், எத்தனை சுற்று என்று ஜிஸ்மி கேட்டுக்கேட்டு எழுதியபோது பாதி கேள்வி அவள் காதில் ஏறவேயில்லை.

சரியாக ரெண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் அணைந்தது. மேலே ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது.

“போச்சு!” என்றாள் ஜிஸ்மி. ராமுத்தாயைத் திரும்பிப் பார்த்துப் பதறினாள். “அய்யோ, அம்மா, வீட்டிலே மிஷின்! பிஜு சேட்டா, வண்டி எடுத்து இவங்களைக் கொண்டுபோய் விடுங்க. ஸ்டேட்மென்ட்டு நாளைக்கு மதி, இன்னிக்கு வேண்டா.”

ராமுத்தாய் பழக்கத்தில் பாதி எழுந்திருந்தாள். எழுந்தவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஆபீஸ் முற்றத்தில் வெயில் சுளீர் என்று அடித்தது. இதே வெயில் இந்த நேரம் தன் வீட்டு மாடியிலும், நாலு பலகையிலும், தடுக்க ஒரு இலைகூட இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கையால எழுதுங்க மேடம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றாள்.

ஆபீஸ்காரர்கள் ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டார்கள். அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை. யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். உட்கார்ந்தே குடித்தாள், ஆறவிட்டு, அடி மண்டி வரை குடித்தாள். மிஷின் கத்துகிறதா என்று தம்பிக்கு ஃபோன் போட்டுக் கேட்கவும் தோன்றவில்லை.

ஜிஸ்மி மலையாளத்தில் எழுதி முடித்தாள். பிஜு பக்கத்தில் நின்று வரி வரியாகத் தமிழில் சொன்னார். சேலை, கல்லுக்கால், பதினெட்டு நாள், ஒரு முழம், எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். கடைசி வரியில், இனிமேல் அந்த மரத்தையோ அதன் கிளைகளையோ எந்த வகையிலும் தொடமாட்டேன் என்று உறுதி சொல்வதாக எழுதியிருந்தது.

கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவள் நிறுத்தினாள்.

“எது அந்த வரி? காட்டுங்க.”

பிஜு விரல் வைத்துக் காட்டினார்.

“இத மட்டும் அடிச்சிருங்க.”

“அது எல்லாரும் எழுதித் தர்றதாணு, அம்மா” என்றாள் ஜிஸ்மி. “அது இல்லாட்டா ரேஞ்சர் சார் ஏத்துக்க மாட்டார். உங்களுக்குத்தான் கஷ்டம்.”

“இருக்கட்டும் மேடம். நடந்தது அம்புட்டுக்கும் கையெழுத்துப் போடுறேன். மார்கழியில வெயிலு தெக்கால போயிரும். முன்னால மாடியில மொளகா காயப்போடுவேன், எனக்குத் தெரியும், அப்ப தெக்குக் கொப்புத்தான் மறைக்கும். மேல போன பேப்பரு அதுக்குள்ள எறங்கி வந்து நீங்க வெட்டிக் குடுத்தீகன்னா நான் ஏன் அதைத் தொடப்போறேன்? வரலைன்னா தொடுவேன். அவரு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கையில தொடமாட்டேன்னு இன்னிக்கே எப்படி மேடம் எழுதித் தர்றது?”

ஜிஸ்மி கையை நீட்டிப் பேனாவைத் திரும்ப வாங்கி, கடைசி வரியின் மேல் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டாள்.

“ரேஞ்சர் சார்கிட்ட ஏச்சு எனக்குத்தான்” என்றாள் பிஜுவிடம்.

கோடு முழு வரிக்கும் விழுந்திருக்கிறதா என்று ராமுத்தாய் குனிந்து பார்த்தாள். அதன் பிறகே அடியில் தன் பெயரை எழுதினாள்.